தேயிலைத் தண்ணீரில் ஊறிய மிதோரி டென்ஷா

இல்லை, நீங்கள் படித்தது சரிதான். தேயிலைத் தண்ணீர். பால் விடாத கட்டன் சாயாவுக்குக் கொதிக்க விடுவோமே, அதேதான், சர்க்கரை மட்டும் கிடையாது. என் அண்ணன் நல்லசிவம் அதில் பஞ்சை முக்கி, என் ஜப்பான் ரெக்கார்டின் அட்டை முழுக்க ஒத்தி எடுத்து, வீட்டு முன்னால் இருக்கும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தான். இந்தப் பக்கம் அவன் லுங்கி. அந்தப் பக்கம் அம்மா கார்ப்பரேஷன் வேலைக்குக் கட்டிப்போகும் புடவை. நடுவில் மிதோரி டென்ஷா.

மிதோரி டென்ஷா என்றால் பச்சை ரயில். எண்பதாம் வருஷம் வாக்கில் டோக்கியோவில் மூன்று பேர் சிந்தசைசர்களை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்த குழு. கிதார் கிடையாது. தோல் கட்டிய டிரம் கிடையாது. எல்லாமே ஒயரும் கரண்ட்டும்தான். அவர்களுடைய அந்தக் காலத்து ரெக்கார்டு நம் ஊர்ப் பக்கம் யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது, இந்த 2008-இல், ஒரு சின்ன ஜப்பான் கம்பெனி அதே அட்டை, அதே படத்தோடு தட்டைப் புதிதாக அச்சடித்து விடுகிறது. ரீஇஷ்யூ. என் கைக்கு வந்தபோது மேலே பிரிக்காத பிளாஸ்டிக் உறை, இடது ஓரத்தில் ஓபி. ஓபி என்பது ஜப்பான்காரர்கள் அட்டையைச் சுற்றிக் கட்டிவிடும் காகிதப் பட்டை. விலையும் விவரமும் அதில்தான் இருக்கும். சேகரிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டை கசங்கினாலே வயிறு எரியும்.

ஓபியும் கொடியில் தொங்கியது. தனிக் கிளிப்பில், ஊறிய மாவடு நிறத்தில்.

"எடா!" என்று கத்தினேன்.

"எடாவா? அண்ணனப் பாத்து எடாவா?" அவன் வாசற்படியில் உட்கார்ந்து உப்புத்தாளைத் தட்டித் தூசி உதிர்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ? உனக்கென்ன பிராந்தா, பைத்தியமா?"

"பழசாக்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"நீதானே ஃபோன்ல சொன்ன. ஒரிஜினல் கெடச்சா அந்த அனீஷ் கால்ல விழுவான்னு. உன்னோடத டூப்ளிகேட்டுனு கேவலமா பேசறான்னு. ஒரு வாரமா மூக்கச் சிந்திக்கிட்டு இருக்க. இந்தா, இப்ப ஒரிஜினல்."

"டூப்ளிகேட் இல்லடா. ரீஇஷ்யூ."

"ரெண்டும் ஒண்ணுதான் போடீ."

அவன் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரியில் யூதர்கள் இருந்த ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் இருக்கிறான். போன மாதம் பெரும்பாவூரில் செய்த மரப்பெட்டி அவன் கையில் நாலு நாள் இருந்தால் இருநூறு வருஷத்துப் பெட்டி ஆகிவிடும். தேயிலை, சாம்பல், உப்புத்தாள், கொஞ்சம் நல்லெண்ணெய். வெள்ளைக்காரர்கள் மோந்து பார்த்துவிட்டு வாங்கிப் போவார்கள். அவன் உலகத்தில் புதுசு என்பது இன்னும் வேலை முடியாத சரக்கு. பிரிக்காத பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் கை அரித்திருக்கிறது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மூலையில் பார்கோடு இருந்த இடம் வெளிறி, மெல்ல நார்நாராகத் தேய்ந்திருந்தது.

"இதையும் தேச்சியா?"

"கோடு இருந்தா அது நேத்துப் பொறந்த சரக்குனு எங்க மொதலாளி சொல்லுவாரு. மொதல்ல அதத்தான் எடுப்போம்."

"தட்டு? தட்ட என்ன பண்ணுன?"

"தட்டத் தொடல. நடுவுல ஒட்டியிருக்கற காகிதத்துல மட்டும் லேசா சாயம் காட்டுனேன். நான் என்ன முட்டாளா?"

அப்போது என் கையில் கிடைத்தது துடைப்பம். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். அம்மா வந்து இரண்டு பேர் நடுவிலும் நின்றாள். அம்மா பெயர் ராக்கம்மாள். ஊரைப் பெருக்கிவிட்டு வருகிறவள் வீட்டில் துடைப்பச் சண்டை பார்க்க விரும்ப மாட்டாள்.

"பாட்டுப் பொட்டிக்கு இம்புட்டு ஒச்சையா? வாயப் பொத்துங்க ரெண்டு பேரும்."

ஒச்சை என்றால் மலையாளத்தில் சத்தம். என் பெயர் ஒச்சம்மாள். மதுரைப் பக்கத்துக் குலசாமி பெயர். அங்கே அது கும்பிடும் பெயர், இங்கே பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒச்சை அம்மாள், சத்தக்காரி. அதையே சுருக்கி ஒச்சு என்று கூப்பிட்டால் மலையாளத்தில் நத்தை. பன்னிரண்டு வருஷம் நான் சத்தம் போடும் நத்தையாகப் படித்தேன்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

எனக்கு வேண்டியது இந்த ரெக்கார்டே இல்லை. இது அவர்களுடைய இரண்டாவது ரெக்கார்டு. எனக்கு வேண்டியது முதலாவது. காக்கநாட்டில் என் கம்பெனியில் இருக்கும் அம்பிளி சேச்சி வேலையாக ஒசாகா போனபோது முதலாவதைக் கேட்டு அனுப்பினேன். இரண்டு அட்டையிலும் ஒரே பச்சை ரயில், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. சேச்சி இரண்டாவதை வாங்கி வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எனக்கே அந்த எழுத்து தெரியாது.

முதல் ரெக்கார்டில் பி பக்கத்தில் கடைசிப் பாட்டு. அதை எம்பி3-யாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு ரயில் நிலைய மணியை மிஷினில் செய்திருப்பார்கள். அதற்குக் கீழே டிரம் மிஷின் டக்கு டக்கு என்று போகும். ஒரு பெண் குரல் ஊர்ப் பெயர்களை அறிவிப்பு மாதிரி படித்துக்கொண்டே போகும். திடீரென்று டிரம் நிற்கும். ஒரே ஒரு சுரம் மெல்ல மேலே ஏறும், ஏறும், இன்னும் ஏறும். அங்கே ஃபைல் அறுந்துவிடும். நான் தேடிய இடத்திலெல்லாம் அதே அறுந்த ஃபைல்தான். யாரோ ஒரு புண்ணியவான் பாதியில் டவுன்லோடு நின்றதை உலகத்துக்கே பங்கு வைத்திருக்கிறான். இரண்டு வருஷமாக அந்தச் சுரம் எங்கே போய் இறங்குகிறது என்று தெரியாமல் பஸ்ஸிலும் போட்டிலும் போய்வந்துகொண்டிருக்கிறேன். பாதித் தும்மலோடு வாழ்கிற மாதிரி.

முதல் ரெக்கார்டு கொச்சியில் ஒரே ஆளிடம் இருந்தது. எர்ணாகுளம் பிராட்வேயில் அப்பாவோடு பித்தளைப் பாத்திரக் கடை நடத்தும் அனீஷ். துபாய் மாமன் தவறுதலாக அதிலேயே இரண்டு பிரதி அனுப்பிவிட்டார், இரண்டும் பிரிக்காதது. இரண்டாவது ரெக்கார்டு அவனிடம் இல்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று ஆர்க்குட்டில், அவன் நடத்தும் ரெக்கார்டு குழுவில் எழுதினேன். அவன் பதில் இதோ, வார்த்தை மாறாமல்: "சீல் உடைக்காததா இருந்தா மட்டும். தமிழன்மாருக்கு டப்பாங்கூத்து போதாதா? இதெல்லாம் எதுக்கு?" அதற்கு இருபத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். அவனிடம் இருப்பதும் அதே கம்பெனி ரீஇஷ்யூதான். ஆனால் அவன் வைத்திருந்தால் அது "ஒரிஜினல் கிட்டுற வரைக்கும் இடம் பிடிச்சு வைக்கறது". நான் வைத்திருந்தால் டூப்ளிகேட்.

அந்த சீலைத்தான் அண்ணன் பிய்த்துக் குப்பையில் போட்டிருந்தான்.

பிரித்தது பிரித்தாகிவிட்டது என்று தட்டை எடுத்து ஓடவிட்டேன். ஒரு கீறல் இல்லை. அருமையாக இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இதென்னடீ மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு? இதுக்கா துடைப்பம் எடுத்த?" என்றான் அண்ணன்.

"நாளைக்கு நீ என்கூட பிராட்வே வர. அவன் முன்னாடி நின்னு, நான்தான் பாழாக்கினேன்னு நீயே சொல்ற. சொல்லிட்டு அவன்கிட்ட கெஞ்சற."

"கெஞ்சறதா? என் வேலைக்கு எவன்கிட்டயும் நான் கெஞ்சுனதில்ல."

"அப்போ பழசு பண்ற வேலைய இனிமே என் பொருள்ல காட்டாத!"

"சரிடீ அம்மா, வர்றேன். வாய மூடு."

போட்டில் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். படகுத்துறையில் இறங்கி பிராட்வே வரைக்கும் அவன் முன்னால், நான் பின்னால். கடையில் குத்துவிளக்கும் உருளியும் அடுக்கி வைத்த நடுவில் அனீஷ் உட்கார்ந்திருந்தான். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் நிறைய என்பதால் அவன் தமிழ் பேசுவான். உடைத்து உடைத்துப் பேசுவான், திட்டும்போது மட்டும் சரளம்.

"ஆ, ஒச்சு வந்தோ? மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தோ?" என்று சிரித்தான். "சீல் உண்டல்லோ?"

"இல்ல. அதுக்குத்தான் வந்தேன். இவன் என் அண்ணன். ஜூ டவுன்ல பழம்பொருள் கடையில வேலை. என்கிட்ட கேக்காம இத..."

நான் முடிக்கவில்லை. அதற்குள் அனீஷ் என் பையிலிருந்து ரெக்கார்டை உருவிவிட்டான். உருவியவன் அப்படியே நின்றான். சிரிப்பு போய்விட்டது. அட்டையைத் திருப்பினான். ஓபியை விரல் நுனியால் தொட்டான். பழுப்பேறிய ஓரத்தை மூக்கருகில் கொண்டுபோனான். பின்பக்க மூலையைப் பார்த்தான்.

"பார்கோடு இல்ல," என்றான் மெதுவாக.

"இருந்துச்சு," என்றான் அண்ணன். "நான் தேச்சு எடுத்தேன்."

"அந்தக் காலத்துல பார்கோடு இல்ல," என்றான் அனீஷ், அண்ணன் பேசியதே காதில் விழாதவன் போல.

"அனீஷ், கேளுங்க. இது தேயிலைத் தண்ணி. முந்தாநாள் வரைக்கும் இது புது ரெக்கார்டு."

அனீஷ் தட்டை வெளியே எடுத்தான். கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினான். உருளி வாங்க வருகிறவர்கள் முன்னால் பித்தளையை எப்படி ஆட்டிக் காட்டுவானோ அப்படி. பிறகு ஷெல்பிலிருந்து ஒரு பழைய இந்திப் பட ரெக்கார்டை எடுத்து, பாத்திரம் நிறுக்கும் மின்தராசில் முதலில் அதை வைத்தான், அப்புறம் என்னுடையதை. என்னுடையது கனம்.

"கண்டோ?" என்றான். அவன் கண் மினுங்கியது. "பழசுக்குக் கனம் உண்டு. புதுசு எல்லாம் தகடு. என் அச்சன் நாப்பது வருஷமா இதத்தான் விக்கறார். என்கிட்ட கனத்தப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டா."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ரெக்கார்டில் கதை நேர் தலைகீழ். எண்பதுகளில் எல்லோரும் தட்டை மெல்லிசாக அடித்தார்கள். இப்போது ரீஇஷ்யூ போடுகிறவர்கள்தான் தடியாக அடிக்கிறார்கள், வாங்குகிறவன் கையில் எடுத்ததும் அசர வேண்டும் என்று. கனமாக இருந்தால் அது ரீஇஷ்யூ. இதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் தம்ளரை எடுத்துச் சாயா குடித்தான்.

"உங்களோட முதல் ரெக்கார்டையும் அதே தராசுல வைங்க," என்றேன். "ரெண்டும் ஒரே கம்பெனி. ஒரே கனம் வரும்."

"அதுல பிளாஸ்டிக் உண்டு. கணக்கு தெற்றும், தப்பா வரும்."

"பிளாஸ்டிக் என்ன கால் கிலோவா இருக்கும்?"

"நீ எதுக்கு இத்தர கஷ்டப்பட்டு இத டூப்ளிகேட்டுனு சொல்ற?" கண்ணைச் சுருக்கினான். "இத்தன நாள் ரீஇஷ்யூ டூப்ளிகேட் இல்லனு சண்ட போட்ட. இன்னிக்கு நீயே உன் சாதனத்தக் குத்தம் சொல்ற. விலை மனசிலாயி, இல்லே? பெங்களூர்ல எவனோ இதோட மதிப்பச் சொல்லித் தந்துட்டான். வாக்கு மாறப் பாக்கற."

"ஐயோ, நான் வாக்கு மாறல! உண்மையச் சொல்லிட்டு மாத்திக்கலாமானு கேக்க வந்தேன்!"

"அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்க, கள்ளசாட்சிக்கு."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. அவன் வேலையை வெள்ளைக்காரர்கள் முன்னால் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தனிடம் உண்மையைச் சொன்னால் கள்ளசாட்சி என்கிறான். அவன் குனிந்து அட்டையின் கீழ் ஓரத்தைக் காட்டினான்.

"சார், இங்க பாருங்க. கிளிப் போட்ட தடம். துணிக் கிளிப். இந்தத் தடத்துக்கு மட்டும் சாயம் ஏறல."

அனீஷ் அதையும் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஜப்பான்ல ஷெல்ப்ல இப்படித்தான் பிடிச்சு நிறுத்துவான்," என்றான்.

என்ன சொல்வது? நீங்கள் சொல்லுங்கள், ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன காட்ட முடியும்? அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

"என்னைப் பொட்டன், முட்டாள் ஆக்கறீங்களா? என் கடையில நின்னு?" என்று எழுந்தான். உள்ளே போய் முதல் ரெக்கார்டைக் கொண்டுவந்து என் மார்பில் இடிக்கிற மாதிரி நீட்டினான். "இந்தா. சீல் உண்டு, ஓபி உண்டு. பேசுனது பேசுனது. எடுத்துட்டுப் போ. இனி இந்தப் பக்கம் கண்டா உருளிய எடுத்து எறிவேன்."

"அனீஷ், நான் சொன்னது நினைவிருக்கட்டும். இது ரீஇஷ்யூ. ரீ-இஷ்-யூ."

"போடீ பாண்டி!"

பாண்டி என்றால் இங்கே தமிழர்களுக்கு வசவு. அண்ணன் சட்டென்று முன்னால் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இழுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு பிராட்வேயில் பித்தளை பறந்திருக்கும். சொல்லப்போனால், இழுத்ததற்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

போட்டில் அண்ணன் கேட்டான், "அப்போ என் வேலை நல்லாத்தானே இருக்கு?"

"பேசாம வா."

"கிளிப் தடத்துக்கே காரணம் சொன்னான் பாத்தியா? எங்க மொதலாளிக்குக்கூட அந்த பதில் தோணாது."

அவனோடு பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஃபோர்ட் கொச்சி படகுத்துறை நெருங்கும்போது இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தால் ஆர்க்குட்டில் அவன் படம் போட்டிருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் என் ரெக்கார்டு. கீழே, "1981, ஒரிஜினல், கேரளத்தில் ஒன்றே ஒன்று. இதை நான் ஓடவிட மாட்டேன், ஊசி பட்டால் தேயும்." நான் உடனே எழுதினேன்: அது ரீஇஷ்யூ, என் வீட்டில் இருந்தது, என் அண்ணன் தேயிலை போட்டது. எனக்குப் பதினாலு பேர் பதில் எழுதினார்கள். பொறாமை என்றார்கள். கொடுத்துவிட்டு அழுகிறாள் என்றார்கள். ஒருத்தன் சாயாக் கப் படம் போட்டான். அனீஷ் என் பதிலை அழித்துவிட்டு, என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டான்.

ஆனால் தூக்குவதற்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒருத்தர் கேட்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். பாட்டு முடிந்து நடுக் காகிதம் தொடங்குவதற்கு முன் தட்டில் ஒரு வெற்று வளையம் இருக்கும் இல்லையா? அதில் அச்சடித்தவர்கள் பொடியாக எண் கீறியிருப்பார்கள். எந்த அச்சு என்று அதில் தெரியும். "அந்த எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள்" என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்குப் போடுவதாக அனீஷ் சொல்லியிருந்தான். அந்த எண்ணை அண்ணன் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதில் 2008 என்று இருக்கும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

முதல் ரெக்கார்டு என் மடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை இங்கே வருவான். ஏமாற்றினாய் என்று தெருவைக் கூட்டுவான். என் ரெக்கார்டைத் திருப்பிக் கொடு, சீலோடு கொடு என்பான். சீல் இருந்தால் வாங்கிக்கொண்டு போவான், எனக்குப் பழையபடி அறுந்த ஃபைல். சீல் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, அவன் கத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

அம்மா சொல்கிறாள், "அவன் தெரியாமத்தான குடுத்தான், பிரிக்காம வையி, வந்தா மூஞ்சில எறிஞ்சிரு." அண்ணன் சொல்கிறான், "ரெண்டு பேரு நேர்ல நின்னு சொன்னோம், நீ எழுதியும் சொன்ன. கேக்காதது அவன் திமிரு. பிரி." பிளேடை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்தத் தடவை அவனாகத் தொடவில்லை, அதற்காவது நன்றி.

மடியில் கனமாகத்தான் இருக்கிறது. பி பக்கம் கடைசிப் பாட்டு உள்ளே இருக்கிறது, முழுசாக. மணி, டிரம் மிஷின், ஊர்ப் பெயர் படிக்கும் பெண், மேலே ஏறும் அந்தச் சுரம், அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாத அந்த மிச்சம். ஒரு ஓரம், ஒரே ஒரு ஓரம் பிளேடால் கீறினால் போதும். சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நான் இதைப் பிரிக்கலாம்தானே?